மீன் கணக்கு போட்டால் பாடம் வாழ்வோடு சேர்ந்துவிடுமா?

தண்டையார்பேட்டையில் ஒரு நடுநிலைப்பள்ளிக்கு இந்த ஆண்டு புதிதாக வந்திருக்கும் பட்டதாரி ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கிறார்: "எட்டாம் வகுப்பில் நாற்பது பிள்ளைகள். பத்துப் பேருக்குப் பெருக்கலே தடுமாறுகிறது. ஆறேழு பேர், நான் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். பாடம் மாணவரின் வாழ்வோடு பொருந்த வேண்டும், சவாலாகவும் இருக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்கிறார்கள். வாழ்வோடு பொருத்தினால் பாடம் கதையாகிவிடுகிறது. சவாலாக்கினால் பாதி வகுப்பு விலகிவிடுகிறது. இரண்டையும் எப்படி ஒன்றாகச் செய்வது? பாடத்தை முடிக்கவும் வேண்டுமே?"

ராயபுரத்திலும் திருவொற்றியூரிலுமாக முப்பத்தோரு ஆண்டுகள் கணக்கும் அறிவியலும் நடத்தியவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். இதே குழப்பம் எனக்கும் நெடுநாள் இருந்தது. பொருத்தம் என்பது பாடத்தின் மேல் தூவும் கொத்தமல்லி என்றும், சவால் என்பது கடைசியில் வைக்கும் கடினமான கணக்கு என்றும் நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு நன்கு தெரிந்த ஒன்றைப் பற்றி அவர்களுக்கு இதுவரை தோன்றாத ஒரு கேள்வியைக் கேட்டால் அதுவே பொருத்தமாகவும் சவாலாகவும் இருக்கும் என்பது எனக்குப் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அதைப் புரியவைத்தது பயிற்சி வகுப்பு அன்று. ஒரு மாணவனின் குறுக்கீடு.

சில ஆண்டுகளுக்கு முன், பெருக்கலுக்குப் பயிற்சியாக ஒரு கணக்கை எழுதிப் போட்டேன். ஒரு விசைப்படகு நாளொன்றுக்கு 150 கிலோ மீன் பிடிக்கிறது; ஓர் ஆண்டில் எவ்வளவு பிடிக்கும்? காசிமேட்டுப் பிள்ளைகள் நிறைந்த வகுப்பு. மீன் கணக்கு கொடுத்தால் ஆர்வமாகப் போடுவார்கள் என்று எனக்குள் ஒரு பெருமிதம். பின்பெஞ்சில் இருந்து ஒருவன் எழுந்தான். "சார், 365 நாளும் யார் சார் போவாங்க? தடைக்காலமே 61 நாள்." ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்பது அவன் வீட்டில் அடுப்பு எரிவதைத் தீர்மானிக்கும் செய்தி, எனக்குச் செய்தித்தாளில் படித்த செய்தி. இன்னொருத்தி, தன் அப்பா ஃபைபர் படகில் போகிறவர், அவருக்குத் தடை கிடையாது என்றாள். மூன்றாமவன், புயல் எச்சரிக்கைக் கொடி ஏற்றினால் யாரும் போக முடியாது என்றான். பெரிய படகு போனால் ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பும், அதை எப்படி 'நாளொன்றுக்கு' என்று கணக்கிடுவது என்று நான்காமவன் கேட்டான். ஐந்தே நிமிடத்தில் என் கணக்கு சின்னாபின்னமாகிவிட்டது.

அன்று நான் அவர்களை அதட்டி உட்காரவைத்து 54,750 என்ற விடையை வாங்கிக்கொண்டேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். அந்த வகுப்பில் நடந்த உண்மையான கணிதம் அந்தக் குறுக்கீடுகள்தாம். எவற்றைக் கணக்கில் சேர்ப்பது, எவற்றை விடுவது, எதைச் சராசரியாகக் கொள்வது, என்ன கருதுகோளின் மேல் இந்த விடை நிற்கிறது என்பவை பெருக்கலைவிடப் பல படி மேலான கேள்விகள். அவற்றை எழுப்பியவர்களோ, வாய்பாடு தெரியாதவர்கள் என்று நான் ஒதுக்கிவைத்திருந்தவர்கள். மறு ஆண்டு அதே கணக்கை வேறு விதமாகக் கேட்டேன்: "ஒரு படகு ஓர் ஆண்டில் எத்தனை நாள் கடலில் இருக்கும்? உங்கள் விடையை எதிர்வரிசை ஒத்துக்கொள்ள வேண்டும்." ஒரு பாடவேளை போதவில்லை.

ஆகவே முதல் அறிவுரை: பாடநூல் கணக்கில் பெயரையும் பொருளையும் மட்டும் மாற்றி அதற்குப் 'பொருத்தம்' என்று பெயர் வைக்காதீர்கள். ஆப்பிளுக்குப் பதில் சங்கரா மீனை வைத்தால் கணக்கு மாறாது. பிள்ளைகள் தமக்குத் தெரிந்ததை வைத்து ஆசிரியரை மறுக்க முடிகிற இடத்தில்தான் பொருத்தம் தொடங்குகிறது.

இனி, தடுமாறும் அந்தப் பத்துப் பேருக்கு வருவோம். அவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுகட்டும் முன், அவர்கள் பள்ளிக்கு வெளியே என்ன கணக்கு போடுகிறார்கள் என்று பார்த்துவிடுங்கள். மாலையில் அம்மாவோடு மீன் கூறு போட்டு விற்கும் மாணவி ஒருத்தி என் வகுப்பில் இருந்தாள். கரும்பலகையில் 45-ஐ ஏழால் பெருக்கச் சொன்னேன். 285 என்று எழுதினாள். ஐந்தேழு முப்பத்தைந்தில் மூன்றை மேலே கொண்டுபோக மறந்துவிட்டாள். "கூறு நாற்பத்தைந்து ரூபாய், ஏழு கூறு எவ்வளவு?" என்று வாயால் கேட்டேன். "ரெண்டு கூறு தொண்ணூறு, நாலு நூத்தியெம்பது, ஆறு எரநூத்தியெழுவது, அதோட நாப்பத்தஞ்சு, முந்நூத்திப் பதினஞ்சு" என்று மூச்சுவிடாமல் சொன்னாள். "அப்படியானால் பலகையில் இருப்பது?" என்றதும் திரும்பிப் பார்த்துவிட்டு, "முப்பது ரூவா கொறையுது சார், அம்மா கொன்னுடுவாங்க" என்று சிரித்தாள்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய வியப்பு அன்று. பிரேசில் நாட்டின் ரெசிஃபி நகரில் தெருவில் தேங்காயும் பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளை வைத்துச் செய்து 1985-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. வியாபாரத்தின்போது கேட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே எண்களைத் தாளில் வெறும் கணக்காகக் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் சரியாகச் செய்தார்கள். கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளை வைத்து, பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் இடம்பெற்ற குழு 2025-இல் வெளியிட்ட ஆய்வும் இதே பிளவைக் காட்டியது. கூடவே, பள்ளிக்கணக்கில் தேறிய, சந்தைப் பழக்கம் இல்லாத பிள்ளைகள் சந்தைக் கணக்கில் தடுமாறியதையும் காட்டியது. கடைக்கணக்கும் பலகைக்கணக்கும் தாமாக ஒன்றோடொன்று பேசிக்கொள்வதில்லை. பேசவைப்பது ஆசிரியரின் வேலை.

அந்த மாணவி செய்ததை நான் பலகையில் அப்படியே எழுதினேன்: 45 × 7 = 45 × 2 + 45 × 2 + 45 × 2 + 45. பிறகு வகுப்பைப் பார்த்து, "பாடநூல் முறை 7-ஐ உடைக்கவில்லை, 45-ஐ நாற்பதாகவும் ஐந்தாகவும் உடைக்கிறது. இவள் 7-ஐ உடைத்தாள். இரண்டும் ஒரே விடையைத் தருவது ஏன்?" என்று கேட்டேன். பங்கீட்டுப் பண்பு என்ற பெயர் அதற்குப் பின்னால்தான் வந்தது. விரைவாக முடித்துவிட்டு ஜன்னலைப் பார்க்கும் அந்த ஆறேழு பேருக்கும் இந்தக் கேள்விக்கு உடனடி விடை கிடையாது என்பதைக் கவனியுங்கள். அவர்களுக்கு முறை தெரியும், காரணம் தெரியாது. தடுமாறுகிறவளுக்குக் காரணம் கையில் இருக்கிறது, முறை இல்லை. ஒரே கேள்வி இருவரையும் ஒருவருக்கொருவர் தேவைப்படுகிறவர்களாக மாற்றிவிட்டது.

பல நிலை மாணவர்கள் இருக்கும் வகுப்புக்கு மூன்று விதமான பயிற்சித்தாள் தயாரிக்கச் சொல்வார்கள். நான் இரண்டு ஆண்டுகள் செய்து பார்த்தேன். யாருக்கு எந்தத் தாள் என்பது மூன்றாம் நாளே வகுப்பு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. எளிய தாள் பெற்றவன் அதைச் சட்டைப்பைக்குள் மறைக்கிறான். அதற்குப் பதில், குளத்துப் படித்துறையைப் போன்ற ஒரே கேள்வியைத் தேடுங்கள். முதல் படியில் நின்று கால் நனைக்கவும் இடம் இருக்க வேண்டும். நீந்தத் தெரிந்தவனுக்கு ஆழமும் இருக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். விசைப்படகில் மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் சாமான் செலவைக் கழித்துவிட்டு மீதியைப் படகு உரிமையாளரும் தொழிலாளரும் பங்கு பிரிப்பார்கள் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியும். பிரிக்கும் விகிதம் இடத்துக்கு இடம் மாறும். ஆகவே கணக்குக்காக நாமே ஒன்றை வைத்துக்கொள்வோம். விற்பனை 1,20,000 ரூபாய். செலவு 72,000 ரூபாய். மீதியில் நூற்றுக்கு 60 உரிமையாளருக்கு, 40 தொழிலாளர் எட்டுப் பேருக்குச் சமமாக. ஒருவருக்கு என்ன கிடைக்கும்? கழித்தலும் பெருக்கலும் தெரிந்தால் 2,400 ரூபாய் என்று யாரும் வந்துவிடலாம். இது முதல் படி.

அடுத்த கேள்வி: செலவு அதேதான், ஆனால் மீன்பாடு குறைந்து விற்பனை நூற்றுக்குப் பத்து குறைந்தால் தொழிலாளியின் பங்கும் நூற்றுக்குப் பத்துதானே குறையும்? வகுப்பே "ஆமாம்" என்று சொல்லும். நன்றாகப் படிக்கிறவர்கள் முதலில் சொல்வார்கள். சொல்ல விடுங்கள், எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பனை 1,08,000, செலவு போக 36,000, ஒருவருக்கு 1,800. குறைந்தது 600 ரூபாய், அதாவது நூற்றுக்கு 25. அந்த நொடியில் வகுப்பில் விழும் அமைதிக்காகவே ஆசிரியராக இருக்கலாம். "ஏன்?" என்ற கேள்வியை நீங்கள் கேட்க வேண்டியிருக்காது. விற்பனை எவ்வளவுக்கு இறங்கினால் கையில் ஒன்றுமே மிஞ்சாது? டீசல் விலை ஏறினால்? விற்பனையை 'வி' என்றும் செலவைச் 'செ' என்றும் வைத்தால் ஒருவர் பங்கு (வி − செ) ÷ 20 என்று எழுதலாமா, அந்த இருபது எங்கிருந்து வந்தது? இப்படிப் போனால் எட்டாம் வகுப்பின் சதவீதம், இயற்கணிதக் கோவை, ஒருபடிச் சமன்பாடு மூன்றும் ஒரே கணக்கில் வந்துவிடுகின்றன. தடுமாறுகிறவர்கள் அட்டவணை போட்டு எண்களால் போவார்கள். மற்றவர்கள் எழுத்தால் போவார்கள். இருவரும் ஒரே விடையில் சந்திக்கும்போது எண்ணால் போனவனிடம் எழுத்துமுறையை விளக்கச் சொல்லுங்கள். தலைகீழாகச் செய்தால் அது வழக்கமான உபதேசமாகிவிடும்.

இங்கே ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். "உன் அப்பாவுக்கு எவ்வளவு பங்கு வரும்?" என்று எந்தப் பிள்ளையிடமும் கேட்காதீர்கள். கற்பனைப் படகு போதும். வீட்டு வருமானத்தையும் அப்பாவின் பழக்கத்தையும் வகுப்பில் விரித்துப் போடுவது பொருத்தம் ஆகாது. அந்தப் பிள்ளை மறுநாள் வராது.

கணக்கைவிட அறிவியலிலும் புவியியலிலும் நமக்கு வசதி அதிகம். வட சென்னை ஒரு பெரிய ஆய்வுக்கூடம். அதில் வாழ்கிறவர்களைக் கேட்காமலேயே அமைத்துவிட்ட ஆய்வுக்கூடம் என்பது வேறு விஷயம். நான் பல ஆண்டுகள் திரும்பத் திரும்ப நடத்திய ஒரு பாடத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் ஒரு கேள்வி எவ்வளவு தூரம் போகும் என்பதை அதில்தான் கற்றேன்.

கேள்வி இதுதான்: "மெரினாவில் அலையில் கால் நனைக்க வெகுதூரம் மணலில் நடக்க வேண்டியிருக்கிறது. திருவொற்றியூரில் சாலையைவிட்டு இறங்கினால் மணலே இல்லை, கருங்கல் குவியல். ஒரே ஊர், ஒரே கடல். ஏன்?" வகுப்பில் யாருக்கும் புதிதல்லாத காட்சி, ஆனால் ஒருவரும் இதைக் கேள்வியாக எண்ணிப் பார்த்ததில்லை. விடைகள் வந்து விழும். அங்கே அரசாங்கம் மணல் கொட்டியது. இங்கே கடல் ஆழம் அதிகம். 2004-இல் சுனாமி வந்து அடித்துக்கொண்டு போய்விட்டது. எல்லாவற்றையும் பலகையில் எழுதுவேன். எதையும் தவறு என்று சொல்ல மாட்டேன். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: "இது உண்மையானால் வேறு எது உண்மையாக இருக்க வேண்டும்?" சுனாமிதான் காரணம் என்றால் 2004-க்கு முன் இங்கே மணல் இருந்திருக்க வேண்டும். வீட்டில் பாட்டியைக் கேட்டு வாருங்கள். மறுநாள் பிள்ளைகள் வருவார்கள்: சுனாமிக்கு முன்பே கடல் உள்ளே வந்துவிட்டதாம், ஆயா சின்னப் பெண்ணாக இருந்தபோது இருந்த தெருவே இப்போது கடலுக்குள் இருக்கிறதாம். ஒரு கருதுகோள் சாட்சியத்தால் விழுவதை அவர்கள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்கள்.

அதன் பிறகு ஒரு பழைய தட்டு, மணல், தண்ணீர், ஒரு செங்கல். தட்டின் ஒரு பக்கம் மணலைச் சரிவாக அமைத்துக் கரை செய்ய வேண்டும். அளவுகோலால் அலையைச் சாய்வாக, ஒரே திசையிலிருந்து, பொறுமையாக அனுப்ப வேண்டும். மணல் கரையோரமாக நகர்வது தெரியும். இப்போது செங்கல்லைக் கரையிலிருந்து நீருக்குள் நீட்டிவையுங்கள். அலை வரும் பக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். பிள்ளைகளில் யாராவது ஒருவர் "சார், செங்கல்தான் ஹார்பர்!" என்று கத்துவார். ஒவ்வோர் ஆண்டும் யாராவது கத்தினார்கள்.

நம் கரையில் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் வடக்கே நகர்கிறது, வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் தெற்கே நகர்கிறது. ஆண்டு முழுவதற்கும் கூட்டிக் கழித்தால் வடக்கே போவதே அதிகம். 1870களில் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகத்தின் சுவர் அந்த மணலைத் தெற்கே தடுத்து நிறுத்தியது. மெரினா அகலமாகிக்கொண்டே போனது. கிராண்ட் டஃப் ஆளுநராக இருந்த காலத்தில் 1884-இல் அங்கே உலாவும் சாலை அமைந்தது. மணல் வராத ராயபுரம் முதல் எண்ணூர் வரையிலான கரையைக் கடல் தின்றது. தடுக்கக் கல் கொட்டினார்கள். பிறகு கடலுக்குள் நீளும் கல்சுவர்களான தூண்டில் வளைவுகளைக் கட்டினார்கள். ஒவ்வொரு தூண்டில் வளைவுக்கும் தெற்குப் பக்கம் மணல் அதிகமா, வடக்குப் பக்கமா என்று ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துப் படம் வரைந்து வரச் சொல்லலாம். தட்டில் கண்டது கண்முன்னே நிற்கும்.

இங்கே நிறுத்திவிட்டால் அது சுவையான உள்ளூர்ச் செய்தியாக மட்டும் இருந்துவிடும். சவால் அடுத்த கேள்வியில்தான் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையின் வரைபடத்தை விரித்து, "எண்ணூருக்கு வடக்கே இருக்கும் துறைமுகங்களால் எந்தப் பக்கத்துக் கரை குறையும் என்று எதிர்பார்ப்பீர்கள்? புதுச்சேரியில் துறைமுகம் கட்டியபின் நகரத்துக் கடற்கரையில் மணல் போனது. அப்படியானால் துறைமுகம் நகரத்துக்கு எந்தத் திசையில் இருக்க வேண்டும்?" என்று கேளுங்கள். பார்க்காத ஊரின் புவியியலைத் திருவொற்றியூர்க் கல்லின் மேல் நின்று ஊகிக்கிறார்கள். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போகும் இந்த நகர்வு நடக்காத பாடத்தை நான் பொருத்தமான பாடமாக எண்ணுவதில்லை.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. பொருத்தம் என்ற சொல்லுக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. அதைத் தமிழ்நாட்டு ஆசிரியர்கள் மற்றவர்களைவிட நன்றாக உணர முடியும். 1953-இல் ராஜாஜி அரசு, தொடக்கப்பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளை பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. குலக்கல்வி என்று பெயர் பெற்று எதிர்ப்புக்கு ஆளான அத்திட்டம், மறு ஆண்டு காமராசர் முதலமைச்சரானதும் கைவிடப்பட்டது. மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு மீனைப் பற்றியே சொல்லிக்கொண்டிருக்கும் ஆசிரியர், நல்ல எண்ணத்தோடுதான் என்றாலும், அதே வேலையைச் சிறிய அளவில் செய்கிறார். காசிமேட்டுப் பிள்ளைக்குச் சிலப்பதிகாரமும் வேண்டும், விண்மீன்களின் வயதும் வேண்டும், அவற்றுக்கு உள்ளூர்க் காரணம் எதுவும் தேவையில்லை. எப்படி இருந்தாலும் உங்கள் வகுப்பில் எல்லாரும் மீனவர் வீட்டுப் பிள்ளைகளாக இருக்கப்போவதில்லை. கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், மணலி ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போகிறவர், இரும்புக்கடையில் நிற்பவர், பீகாரிலிருந்து வந்து குடியிருப்பவர் எல்லாருடைய பிள்ளைகளும் இருப்பார்கள்.

மொழிப்பாடம் உங்களுடையது அன்று என்றாலும், உங்கள் பள்ளித் தமிழாசிரியரிடம் சொல்லிப் பாருங்கள். வட சென்னைப் பேச்சைத் திருத்த வேண்டிய பிழையாகவே நாம் பார்க்கிறோம். "இஸ்துகினு போனான்" என்று ஒருவன் எழுதினால் சிவப்பு மையால் சுழித்துவிட்டு "இழுத்துக்கொண்டு போனான்" என்று எழுதுகிறோம். அதற்குப் பதில், "வந்துகினு, சொல்லிகினு, துன்னுகினு, இட்டுகினு" என்று அவர்களே இருபது சொற்களைத் திரட்டட்டும். எழுத்துத் தமிழில் பக்கத்தில் எழுதட்டும். எது எதுவாக மாறுகிறது என்று விதி கண்டுபிடிக்கட்டும். வினையெச்சத்தின் பின் வரும் 'கொண்டு' ஒழுங்காகக் 'கினு' ஆவதைக் கண்டுபிடித்துவிட்டால், வினையெச்சம் என்றால் என்ன என்று ஒருமுறைகூட மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. 'கிழவி'யைக் 'கியவி' என்கிறவர்கள் 'இழுத்து' என்பதை ஏன் 'இய்த்து' என்று சொல்லாமல் 'இஸ்து' என்கிறார்கள் என்று ஒரு மாணவி என்னைக் கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அந்தக் கேள்விக்கு மேல் ஒரு இலக்கண வகுப்பில் என்ன எதிர்பார்க்க முடியும்?

அமிலம், காரம் பாடத்துக்கு 2023 டிசம்பர் 26 இரவை எடுத்துக்கொள்ளலாம்; எண்ணூர்ப் பகுதிப் பிள்ளைகள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள். ஈரத்துணியை மூக்கில் கட்டச் சொன்னது ஏன்? அம்மோனியா நீரில் மிக எளிதாகக் கரையும், கரைந்தால் காரமாகும் என்ற இரண்டு வரியும் அங்கே உயிர் பெறுகின்றன. மஞ்சள் தடவிய தாள் சோப்பு நீரிலும் சுண்ணாம்பு நீரிலும் சிவப்பதைப் பார்த்தபின், காற்றில் காரம் இருப்பதை அந்தத் தாளைக் கொண்டு எப்படி அறியலாம் என்று திட்டமிடச் சொல்லுங்கள். அதே மாதம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதை அடர்த்திப் பாடத்துக்கு எடுக்கலாம். எண்ணெய் மிதக்கும் கிண்ணத்தில் தேங்காய் நார், பஞ்சு, பழந்துணி எது அதிகம் உறிஞ்சும் என்று அளந்து பார்க்கலாம். ஆனால் அந்த இரவுகளில் அஞ்சிய பிள்ளைகள் உங்கள் எதிரில் இருப்பார்கள். ஆலைச் சம்பளத்தில் வாழும் வீட்டுப் பிள்ளைகளும் அதே பெஞ்சில் இருப்பார்கள். வகுப்பறையை விசாரணை மன்றமாக்காமல், நமக்கு என்ன தெரியும், எப்படித் தெரியும் என்ற இடத்தில் நிற்பது ஆசிரியரின் பொறுப்பு.

நல்ல கேள்வியைக் கெடுப்பதும் நாமேதான். கேட்டுவிட்டு நாம் காத்திருப்பதில்லை. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பதிவுகளை ஆராய்ந்து, ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்றும், அதை மூன்று விநாடியாக்கினாலே விடைகள் நீளமாகவும் காரணத்தோடும் வருகின்றன என்றும் 1970களில் காட்டினார். மூன்று விநாடி வகுப்பில் ஒரு யுகம் போலத் தோன்றும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள். "தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்பதை விட்டுவிடுங்கள்; எப்போதும் அதே நான்கு கைகள்தாம். முதலில் எல்லாரும் தாளில் எழுதட்டும், பக்கத்தில் இருப்பவரிடம் காட்டட்டும், பிறகு நீங்கள் யாரையாவது அழையுங்கள். தன் விடையைச் சொல்லக் கூசுகிறவன்கூட, "இவள் இப்படிச் சொல்கிறாள்" என்று அடுத்தவர் விடையைச் சொல்லிவிடுவான்.

பிள்ளை திணறும்போது எப்போது உதவுவது என்பது இதைவிடக் கடினம். கட்டடத்துக்குச் சாரம் கட்டுவதைப் போல என்று சொல்வார்கள். கொத்தனார் பூச்சு காய்ந்ததும் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். நாமோ ஆண்டு முழுவதும் அப்படியே விட்டுவிடுகிறோம். படிப்படியாகக் கோடிட்ட இடத்தை நிரப்பிப் பழகிய மாணவன், கோடு இல்லாத தாளைக் கண்டால் உறைந்துபோகிறான். படகுக் கணக்கில் முதல் தடவை நான் அட்டவணையின் தலைப்புகளை எழுதிக் கொடுப்பேன். இரண்டாம் தடவை கட்டங்கள் மட்டும். மூன்றாம் தடவை வெறும் கேள்வி. உதவி கேட்டு வந்தால் விடையின் அடுத்த வரியைச் சொல்லாமல், "இதுவரை என்ன செய்தாய், எங்கே சந்தேகம்?" என்று கேட்பேன். பாதிப் பேர் சொல்லிக்கொண்டே வரும்போது தாமே கண்டுபிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

இனிப் பாடத்திட்டத்தை முடிப்பது பற்றி. நாள்தோறும் இப்படி நடத்த முடியாது, நானும் நடத்தியதில்லை. ஓர் அலகுக்கு ஒரு பெரிய கேள்வி, அதற்கு இரண்டு பாடவேளை. மற்ற நாள்களில் பாடநூல், பயிற்சி, வாய்பாடு எல்லாம் வழக்கம்போல. வாய்பாடு மனத்தில் இல்லாதவனால் படகுக் கணக்கின் இரண்டாம் படியில் நிற்க முடியாது. பாடத்தைப் பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு இணைக்கச் சொன்ன 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பைக் காட்டி மனப்பாடமே கூடாது என்று வாதிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது சொன்னது பொருள் புரியாத மனப்பாடத்திலிருந்து விலகுவதைப் பற்றி. மறதிக்கு நான் கண்ட நல்ல மருந்து, ஒவ்வொரு வகுப்பின் முதல் ஐந்து நிமிடம் நோட்டை மூடிவைத்து, போன வாரத்திலிருந்து இரண்டு கேள்வியும் போன மாதத்திலிருந்து ஒரு கேள்வியும் கேட்பது. திரும்பப் படிப்பதைவிட நினைவிலிருந்து எடுத்து எழுதிப் பார்ப்பது ஒரு வாரம் கழித்தும் தங்குகிறது என்பதை ரோடிகர், கார்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006-இல் சோதனையால் காட்டியிருக்கிறார்கள். மதிப்பெண் போடாதீர்கள், போட்டால் பார்த்து எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

தேர்வுத்தாள் மாறாமல் வகுப்பு மட்டும் மாறினால் பிள்ளைகள் நம்மை நம்ப மாட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பொதுத்தேர்வு நம் கையில் இல்லை, ஆனால் அலகுத்தேர்வு இருக்கிறது. பத்துக் கேள்வியில் ஒன்றை மட்டும், வகுப்பில் பார்க்காத சூழலில் அதே கருத்தைக் கேட்பதாக வையுங்கள். படகுக்குப் பதில் மாவரைக்கும் கடை, செங்கல்லுக்குப் பதில் வாய்க்காலில் கிடக்கும் ஒரு மரக்கட்டை. விடை தவறானாலும் காரணம் எழுதியிருந்தால் பாதி மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். முதல் அலகுத்தேர்வில் அந்தக் கேள்வியை முக்கால்வாசிப் பேர் தொடாமல் விட்டுவிடுவார்கள். என் வகுப்பிலும் விட்டார்கள். மூன்றாவது அலகுத்தேர்வு வரை மாற்றாமல் வைத்திருங்கள்; தலைமையாசிரியர் கேட்டால், விட்டவர் எத்தனை பேர், எழுதியவர் எத்தனை பேர் என்று ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்துவைத்த பக்கத்தைக் காட்டுங்கள். தடுமாறுகிறார்கள் என்று நீங்கள் சொன்ன அந்தப் பத்துப் பேருக்கு மட்டும் தனியாக ஒரு வரி ஒதுக்கிக்கொள்ளுங்கள்.